பெயருக்கு முன்னே ஓர் ஊர்

நுழையும்முன்

மேலைநாட்டவர் பெயருக்குப் பின்னே குடும்பத்தின் பெயர் நிற்கும். தமிழர் பெயருக்கு முன்னே ஊரும் தந்தையும் நிற்பர். ஒருவரை எந்தக் குருதிக்கு உரியவராக அறிவது, எந்த மண்ணுக்கு உரியவராக அறிவது என்னும் பார்வையிலிருந்து பிறந்த வேறுபாடு இது. விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் ஊரும் மனிதரும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்ட வரலாற்றையும், அப்பகிர்வு தந்த பெருமையையும் சிக்கலையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

எந்த முருகன்?

மயிலம் முருகன் கோயிலைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் முருகன் என்னும் பெயர் தெருவுக்குத் தெரு ஒலிக்கும். ஆறுமுகம், வேலாயுதம், வள்ளி, தெய்வானை ஆகிய பெயர்களும் அவ்வாறே. அவ்வூர்களுள் ஒன்றில் நுழைந்து, "முருகன் வீடு எது?" என்று வினவுபவர் விடைக்கு மாறாக வேறொரு வினாவையே பெறுவார். "எந்த முருகன்? மேலத்தெரு முருகனா, வாத்தியார் மகன் முருகனா, கூட்டேரிப்பட்டிலிருந்து வந்து குடியேறிய முருகனா?"

தமிழர் பெயரிடும் முறை முழுவதும் இவ்வினாவில் அடங்கியுள்ளது. இயற்பெயர் பலருக்கும் பொதுவானது. அதனை ஒருவருக்கே உரியதாக்குவன இடம், தந்தை, தொழில் ஆகியவை. உயர்திணைப் பெயர்களை வகைப்படுத்திய தொல்காப்பியர் நிலப்பெயர், குடிப்பெயர், வினைப்பெயர் முதலியவற்றைத் தனித்தனியே சுட்டினார். வாழும் நிலமும் பிறந்த குடியும் செய்யும் தொழிலும் ஒருவருக்குப் பெயராகும் வழக்கு அக்காலத்திலேயே வேரூன்றியிருந்தது என்பதற்கு இதுவே சான்று.

பிற நாட்டவருக்கும் இதே தேவை எழுந்தது. ஆங்கிலேயரிடையே கொல்லர் 'ஸ்மித்' எனப்பட்டார். ஆனால் அப்பெயர் ஒரு காலத்தில் உறைந்து, குடும்பப் பெயராகிவிட்டது. கொல்லரின் கொள்ளுப்பேரர் மருத்துவரானாலும் அவர் 'ஸ்மித்' ஆகவே இருப்பார். சீனர் குடும்பப் பெயரை முதலில் வைத்து, இயற்பெயரைப் பின்னே வைப்பர். ஐஸ்லாந்து மக்கள் இன்றும் தந்தையின் இயற்பெயரோடு 'மகன்' அல்லது 'மகள்' என்னும் பொருள்தரும் சொல்லைச் சேர்த்து வழங்குகின்றனர். தலைமுறைதோறும் அது மாறும். தமிழர் முறை ஐஸ்லாந்தினர் முறைக்கு நெருக்கமானது. ஆயினும் தந்தைக்கும் முன்னே ஊரை நிறுத்தியது தமிழர் முறையின் தனித்தன்மை.

கிடங்கில் தந்த மூவர்

திண்டிவனம் நகருக்குள் இன்று அடங்கிவிட்ட பகுதி கிடங்கல். சங்ககாலத்தில் அதன் பெயர் கிடங்கில். 'கிடங்கு' என்பது அகழியைக் குறிக்கும் சொல். ஓய்மாநாட்டின் தலைநகராக விளங்கிய அவ்வூரைப் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை பேசுகிறது. 269 அடிகளைக் கொண்ட அந்நூலின் தலைவன் நல்லியக்கோடன். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் ஆகிய ஊர்களைக் கடந்து அவனிடம் செல்லும் வழி அந்நூலில் விரிகிறது. நூலை இயற்றியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இப்புலவரின் பெயரில் முதலில் நிற்பது நாடு. அடுத்து நிற்பது ஊர். இறுதியில்தான் அவர் நிற்கிறார்.

கிடங்கிலில் பிறந்த புலவர்களும் அவ்வாறே அறியப்பட்டனர். கிடங்கில் காவிதிக் கீரங்கண்ணனார், கிடங்கில் காவிதிப் பெருங்கொற்றனார், கிடங்கில் குலபதி நக்கண்ணனார் ஆகிய மூவரின் பாடல்கள் நற்றிணையிலும் குறுந்தொகையிலும் இடம்பெற்றுள்ளன. 'காவிதி' என்பது அரசு வழங்கிய சிறப்புப் பட்டம். 'குலபதி' என்பது மாணாக்கர் பலருக்கு ஆசிரியராக விளங்கியவரைக் குறிப்பது. ஊர், பட்டம், இயற்பெயர் என்னும் வரிசையில் அமைந்த இப்பெயர்களைக் காண்போர், அம்மூவரும் ஒரே குடும்பத்தினரோ என ஐயுறக்கூடும். அவர்களை இணைத்தது குருதியன்று, ஊர்.

ஓய்மாநாட்டின் அரசர்களிடத்தும் இத்தகைய பகிர்வைக் காணலாம். ஓய்மான் நல்லியக்கோடன், ஓய்மான் நல்லியாதன், ஓய்மான் வில்லியாதன் ஆகிய மூவரையும் புறத்திணை நன்னாகனார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. மன்னர்க்கு முன்னே 'ஓய்மான்'. மண்ணுக்கு முன்னே 'ஓய்மா'. ஆள்வோரும் ஆளப்படும் நிலமும் ஒரு பெயரைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். இன்றைய மொழியில் குடும்பப் பெயர் என்று சொல்லத்தக்க ஒன்று பழந்தமிழகத்தில் இருந்ததென்றால், அது இத்தகையதே.

திண்டிவனம் என்னும் பெயர் பிற்காலத்தது. 'திந்திரிணி' என்பது புளியைக் குறிக்கும் வடசொல். வனம் என்பது காடு. அந்நகரிலுள்ள திந்திரிணீசுவரர் கோயிலும் அப்புளியங்காட்டை நினைவூட்டுகிறது. புதிய பெயர் பரவியபோது பழைய பெயர் ஒரு மூலைக்கு ஒதுங்கியது. எனினும் புலவர்களின் பெயருக்கு முன்னே ஒட்டிக்கொண்டிருந்த 'கிடங்கில்' ஏட்டுச்சுவடிகளின் வழியே பயணம்செய்து, அச்சு நூலுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஊர் மனிதருக்குப் பெயர் தந்தது. மனிதர் அப்பெயரை ஈராயிரம் ஆண்டுகள் சுமந்து, ஊருக்கே திருப்பித் தந்தனர்.

விழுப்புரம் என்னும் ஓர் எழுத்து

மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரில் ஊரும் தந்தையும் இயற்பெயரும் முழுமையாக நிற்கின்றன. ஆங்கில ஆட்சிக்காலத்தில் பள்ளிப் பதிவேடுகளும் அலுவலகக் கோப்புகளும் பெருகியபோது, முன்னிற்கும் இரண்டும் ஒவ்வோர் எழுத்தாகச் சுருங்கின. திருவாரூர் விருத்தாசலம் கலியாணசுந்தரனார் திரு.வி.க. ஆனார். மருதூர் கோபாலன் இராமச்சந்திரன் எம்.ஜி.ஆர். ஆனார். இராசிபுரம் கிருஷ்ணசாமி நாராயணசாமி ஆர்.கே. நாராயண் ஆனார். காஞ்சிபுரத்தை ஆங்கிலேயர் 'கான்ஜீவரம்' என்று எழுதியதால், அவ்வூரின் ஆங்கில முதலெழுத்து அண்ணாதுரையின் பெயருக்கு முன்னே 'சி' என்று அமைந்தது. ஆங்கிலேயர் நாவில் திரிந்த ஊர்ப்பெயர்கூட ஒருவரின் முன்னெழுத்தில் தங்கிவிடும் என்பதற்கு அது சான்று.

விழுப்புரத்துக்கும் அத்தகைய ஓர் எழுத்து உண்டு. 1928 அக்டோபர் 1ஆம் நாள் பிறந்த வி.சி. கணேசனின் முதலெழுத்து அது. விழுப்புரம் சின்னையா கணேசன் என்பது அதன் விரிவு. சிறுவயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்து, ஊர்ஊராகச் சுற்றிய அவர், அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து இராஜ்யம்' நாடகத்தில் மராட்டிய மன்னர் வேடமேற்றார். அந்நடிப்பைக் கண்ட தந்தை பெரியார் அவரைச் 'சிவாஜி' என அழைத்தார். அன்றுமுதல் அவர் சிவாஜி கணேசன். 1952இல் 'பராசக்தி' வெளிவந்த பின்னர் அப்பெயரை அறியாத தமிழர் அரியர்.

மராட்டிய மன்னர் சிவாஜி 1677இல் கைப்பற்றிய செஞ்சிக்கோட்டை இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில்தான் உள்ளது. விழுப்புரத்தை முன்னெழுத்தாகக் கொண்ட நடிகருக்கு, விழுப்புரத்தை அடுத்த கோட்டையை வென்ற மன்னரின் பெயர் வாய்த்தது தற்செயலே. ஆனால் அப்பெயர் வந்தவுடன் பழைய முன்னெழுத்து மறைந்தது. சென்னைத் தியாகராய நகரில் அவர் வாழ்ந்த தெருவுக்குச் 'செவாலியே சிவாஜி கணேசன் சாலை' என்று பெயர் சூட்டப்பட்டபோது, பெயர்ப்பலகையில் சின்னையாவுக்கும் விழுப்புரத்துக்கும் இடமில்லை. புகழ் ஒருவருக்குப் புதிய பெயரைத் தரும். தந்த கையாலேயே பழைய பெயரை எடுத்துக்கொள்ளும்.

ஊர் மனிதராகி, மனிதர் இடமானது

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அங்கே 1895இல் உழவர் குடும்பத்தில் பிறந்த இராமசாமி, திண்டிவனத்தில் கல்வி பயின்றார். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டார். 1947 மார்ச்சு மாதம் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். நாடு விடுதலை பெற்ற நாளில் அப்பொறுப்பில் இருந்தவர் அவரே. மருத்துவர் முத்துலெட்சுமி நெடுங்காலம் போராடிய தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும், ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோயில் கதவுகளைத் திறந்துவிட்ட ஆலய நுழைவுச் சட்டமும் 1947இல் அவரது ஆட்சியில் நிறைவேறின. 1949 ஏப்ரலில் பதவியிலிருந்து விலகினார். வள்ளலார் நெறியில் பற்றுக்கொண்டு, வடலூரில் தொண்டாற்றி, 1970இல் மறைந்தார்.

அவருடைய முழுப்பெயரில் ஊரும் இயற்பெயரும் சாதிப் பின்னொட்டும் இருந்தன. மக்கள் நாவில் நிலைத்ததோ 'ஓமந்தூரார்' என்னும் ஒரு சொல். இயற்பெயரும் போயிற்று; சாதியும் போயிற்று; ஊர் மட்டும் 'ஆர்' என்னும் மதிப்பு விகுதி பெற்று நின்றது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய அரசினர் தோட்டத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவ்வளாகத்தில் இன்று இயங்கும் அரசு மருத்துவமனையையும் மருத்துவக் கல்லூரியையும் மக்கள் 'ஓமந்தூரார்' என்றே குறிப்பிடுகின்றனர்.

அங்கே மருத்துவம் பெறவரும் பல்லாயிரவர்க்கு ஓமந்தூர் எங்குள்ளது என்று தெரிந்திருக்க வேண்டுவதில்லை. ஆயினும் பேருந்தில் ஏறி, "ஓமந்தூரார் ஆஸ்பத்திரி ஒண்ணு" என்று பயணச்சீட்டு கேட்கும் ஒவ்வொருவரும் திண்டிவனம் பகுதியின் ஒரு சிற்றூரை உச்சரிக்கின்றனர். ஊர் மனிதரானது, மனிதர் மீண்டும் இடமானார். ஒரு பெயர் இத்தனை வடிவம் எடுப்பதற்கு அம்மனிதரின் எளிமையும் நேர்மையுமே காரணமாயின.

ஒரு குடும்பப் பெயரும் பெயரில்லா மூவரும்

தலைமுறை தோறும் மாறாத குடும்பப் பெயருக்கும் திண்டிவனத்தில் ஒரு சான்று உண்டு. அங்குள்ள வால்டர் ஸ்கடர் பள்ளியின் பெயரில் இருப்பது அது. அமெரிக்காவிலிருந்து 1819இல் கப்பலேறிய மருத்துவர் ஜான் ஸ்கடர், யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பணியாற்றிப் பின்னர்ச் சென்னைக்கு வந்தார். அவருடைய மைந்தர்களும் பேரப்பிள்ளைகளும் அவர்தம் மக்களுமாக நான்கு தலைமுறையினர் இந்நாட்டில் மருத்துவமும் கல்வியும் வளர்த்தனர். இராணிப்பேட்டையில் 1866இல் சைலஸ் ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனை, ஸ்கடர் நினைவு மருத்துவமனை என்று பெயர் பெற்றது. தந்தை, மகன், பேத்தி என எவர் பணியாற்றினாலும் இறுதிச்சொல் ஒன்றாகவே இருந்ததால், அப்பெயர் ஒரு குடும்பத்தின் உழைப்பு முழுவதையும் ஒருங்கே தாங்கியது. குடும்பப் பெயரின் வலிமை அதுவே.

அக்குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையில் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். மருத்துவப் பணியில் அவருக்கு முதலில் நாட்டமில்லை. அமெரிக்காவில் படித்துவிட்டுத் திண்டிவனத்திலிருந்த பெற்றோரிடம் வந்திருந்தபோது, ஓர் இரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். மூவரின் மனைவியரும் மகப்பேற்றுத் துன்பத்தில் இருந்தனர். ஐடா மருத்துவர் அல்லர். அவருடைய தந்தையோ மருத்துவர். ஆனால் ஆடவர் ஒருவர் தம் மனைவிக்கு மருத்துவம் பார்ப்பதற்கு வழக்கமும் சமயமும் இடந்தரா என்று மூவரும் திரும்பிச் சென்றனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர்.

அவ்விரவே ஐடாவை மருத்துவராக்கியது. 1899இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்று, மறு ஆண்டு வேலூருக்கு வந்து, ஒற்றைப் படுக்கையுடன் பணியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார். அதுவே வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

ஐடாவின் வாழ்க்கையைச் சொல்லும் வரலாறுகளில் திண்டிவனத்து மூன்று பெண்களும் பெயரின்றியே வருகின்றனர். கணவரின் சமயமும் சமூகமும் சொல்லப்படுகின்றன. இறந்தவரின் பெயர் சொல்லப்படுவதில்லை. உதவிசெய்யப் புறப்பட்டவரின் குடும்பப் பெயர் பள்ளியிலும் மருத்துவமனையிலும் நின்றது. அவரைப் புறப்படவைத்தவர்களின் இயற்பெயர்கூட நிற்கவில்லை. பெயர் பொறிக்கப்பட்ட கல்லைக் காணும்போது, அக்கல்லில் இடம்பெறாத பெயர்களையும் எண்ணிப்பார்ப்பது வரலாற்றைக் கற்போர் கடமை.

மாவட்டத்துக்கு வந்து சென்ற பெயர்

பழைய தென்னார்க்காடு மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கடலூரைத் தலைநகராகக் கொண்ட பகுதி 'தென்னார்க்காடு வள்ளலார் மாவட்டம்' எனவும், விழுப்புரத்தைத் தலைநகராகக் கொண்ட பகுதி 'விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம்' எனவும் வழங்கப்பட்டன. இராமசாமி படையாட்சியார் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியைத் தொடங்கி, 1952 தேர்தலில் இவ்வட்டாரத்தில் பெருவெற்றி பெற்றவர். காமராசர் அமைச்சரவையில் இடம்பெற்றவர். தமிழகத்தின் வேறு பல மாவட்டங்களும் அக்காலத்தில் தலைவர்களின் பெயர்களைத் தாங்கியிருந்தன. விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் பேருந்துகளில் 'தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம்' என்று எழுதப்பட்டிருந்தது.

1997இல் தென்மாவட்டங்களில் புதிய போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு விடுதலை வீரர் ஒருவரின் பெயரைச் சூட்டியபோது, சாதியின் பெயரால் எதிர்ப்பும் மோதலும் எழுந்தன, உயிர்கள் பலியாயின. அதனைத் தொடர்ந்து எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியது. மாவட்டம் விழுப்புரம் மாவட்டமாயிற்று. கழகம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம், விழுப்புரம் என்றாயிற்று. 2019 நவம்பரில் அதிலிருந்து பிரிந்த புதிய மாவட்டமும் கள்ளக்குறிச்சி என ஊர்ப்பெயராலேயே வழங்குகிறது.

ஓமந்தூரார் தோட்டத்தில் அமைதியாக நிகழ்ந்த பகிர்வு, மாவட்டங்களில் ஏன் மோதலாக முடிந்தது? ஊர்ப்பெயரை மனிதர் ஏற்கும்போது அவர் அவ்வூரார் அனைவரோடும் தம்மை இணைத்துக்கொள்கிறார். மனிதரின் பெயரை ஊருக்கு இடும்போது, அவ்வூரார் அனைவரும் அம்மனிதரைத் தம்மவராக ஏற்க வேண்டியுள்ளது. முன்னதற்கு ஒருவரின் விருப்பம் போதும். பின்னதற்குப் பலரின் மனம் வேண்டும். தலைவர்கள் சாதிக்கு அப்பாற்பட்டுத் தொண்டாற்றியிருப்பினும், அவர்களைச் சாதிக்குள் அடைத்துப் பார்க்கும் கண்கள் உள்ளவரை அந்த மனம் எளிதில் வாய்ப்பதில்லை.

துறந்த பின்னொட்டு

இந்தியாவின் பிற மாநிலங்களில் பெயரின் இறுதிச்சொல்லைக் கொண்டே ஒருவரின் சாதியைப் பெரும்பாலும் அறிந்துகொள்ள இயலும். தமிழகத்திலும் ஒருகாலத்தில் அந்நிலை இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே சாதிப் பட்டங்களைச் சேர்ப்பதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தது. பெரியாரும் தம் பெயரின் பின்னொட்டை விட்டொழித்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் பள்ளிப் பதிவேடுகளிலிருந்தும் திருமண அழைப்பிதழ்களிலிருந்தும் அப்பட்டங்கள் மெல்லமெல்ல மறைந்தன. வேறெங்கும் எளிதில் நிகழாத மாற்றம் அது.

அம்மாற்றத்துக்குத் துணைநின்றது முன்னெழுத்து. பின்னொட்டை நீக்கிய பின்னரும் பெயர் வெறுமையாகிவிடவில்லை. ஊரும் தந்தையும் முன்னே நின்று அடையாளம் தந்தனர். 'விழுப்புரம்' என்னும் சொல்லைக் கொண்டு ஒருவரின் சாதியை உய்த்துணர இயலாது. நகரின் எத்தெருவில் பிறந்தவருக்கும் அது பொதுவுடைமை.

ஊர்ப்பெயர் மட்டுமே சமத்துவத்தைத் தந்துவிடும் என்று கருதுவதற்கும் இடமில்லை. ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்துகிடந்த நாட்டில், 'எந்த ஊர்?' என்னும் வினாவைத் தொடர்ந்து 'ஊரில் எந்தப் பக்கம்?' என்னும் வினாவும் வருவதுண்டு. முன்னெழுத்து அவ்வினாவை ஒழித்துவிடவில்லை. ஆயினும் அதற்குத் தானாக விடைசொல்லாமல் காத்தது. வகுப்பறையில் வருகைப்பதிவேடு வாசிக்கப்படும்போது, எந்தக் குழந்தையின் சாதியும் ஒலிக்காமல் இருப்பது சிறிய பேறன்று.

கட்டத்துக்குள் அடங்காத பெயர்

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ மேல்நிலைக் கல்வி முடித்து வெளிநாடு செல்லும் மாணவர், கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயரைக் கேட்கும் கட்டத்தைக் கண்டு தயங்குவது வழக்கம். தந்தையின் பெயரை அக்கட்டத்தில் நிரப்பினால், அயல்நாட்டில் பேராசிரியரும் அலுவலரும் அம்மாணவரைத் தந்தையின் பெயராலேயே அழைப்பர். சதுரங்க உலக வாகையராக விளங்கிய விசுவநாதன் ஆனந்துக்கு இவ்வாறே நேர்ந்தது. உலகம் அவரைச் செல்லமாக 'விஷி' என்று அழைக்கிறது. விசுவநாதன் அவருடைய தந்தையார்.

சிற்றப்பாவும் தமையன் மகனுமாக நோபல் பரிசு பெற்ற இருவரின் பெயர்களும் இங்கு எண்ணத்தக்கவை. 1930இல் பரிசு பெற்றவர் சந்திரசேகர வெங்கட ராமன். அவர் பெயரில் 'சி' என முன்னே நிற்பது தந்தை சந்திரசேகரர். 1983இல் பரிசு பெற்றவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். பாட்டனாரின் பெயர் அவருக்கு இயற்பெயராயிற்று. ஒரே பெயர் ஒருவருக்கு முன்னெழுத்து, மற்றவருக்கு இயற்பெயர். மேலைநாட்டு அகரவரிசையில் இருவரும் வெவ்வேறு பக்கங்களில் நிற்பர். அவர்கள் உறவினர் என்பதை அவ்வரிசை காட்டாது. தமிழர் முறையை அறிந்தவருக்கோ, இரு பெயர்களுக்கும் நடுவே பாட்டனார் ஒருவர் அமர்ந்திருப்பது புலப்படும். 1999இல் விண்ணில் ஏவப்பட்ட 'சந்திரா' ஆய்வகமும் அப்பாட்டனாரின் பெயரையே சுமந்து செல்கிறது.

பெண்ணின் முன்னெழுத்து

தமிழர் முன்னெழுத்து முறையிலும் ஒரு குறையுண்டு. மயிலத்தில் பிறந்து விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்ணின் பெயருக்கு முன்னிருந்த தந்தையின் எழுத்து பெரும்பாலும் திருமணத்தோடு நீங்கும். கணவரின் எழுத்து வந்தமரும். பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்தும் குடும்ப அட்டையில் ஓர் எழுத்துமாக, ஒருவரே இருவராகி அலுவலகந்தோறும் விளக்கம் சொல்ல நேர்ந்த பெண்கள் பலர். பெற்ற தாயின் எழுத்தோ, மகன் பெயரிலும் மகள் பெயரிலும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

மாறாக நிற்கும் சான்று மதுரை சண்முகவடிவு சுப்புலட்சுமி. ஊரையும் தாயையும் முன்னெழுத்துகளாகக் கொண்ட அவர், திருமணத்துக்குப் பின்னரும் அவற்றை மாற்றிக்கொள்ளாமல் எம்.எஸ். என்றே உலகெங்கும் அறியப்பட்டார். தாய், தந்தை இருவரின் எழுத்துகளையும் குழந்தையின் பெயருக்கு முன்னே இடும் வழக்கம் இன்று பரவிவருகிறது. தமிழ்ப்பெயர் உறைந்துபோன ஒன்றன்று என்பதற்கு இது நற்சான்று.

அதேவேளையில், மூன்று பகுதிகளாக இருந்த பெயரிலிருந்து ஊர் நழுவிவருகிறது. இன்றைய வருகைப்பதிவேடுகளில் பெற்றோரின் எழுத்து உள்ளது. ஊரின் எழுத்து அரிதாகிவிட்டது. பிழைப்புக்காக ஊரைவிட்டுப் பெயர்ந்த குடும்பங்களில் மூன்றாம் தலைமுறையினருக்குப் பாட்டனாரின் ஊர் எதுவென்றே தெரிவதில்லை. புளியங்காட்டின் பெயர் பரவியபோது கிடங்கில் மறைந்துவிடாமல் காத்தவை மூன்று புலவர்களின் பெயர்கள். இன்று எத்தனையோ சிற்றூர்கள் நகரங்களுக்குள் கரைந்துகொண்டிருக்கின்றன. நாற்கரச் சாலைகளின் ஓரத்தில் பெயர்ப்பலகையாக மட்டும் எஞ்சுகின்றன. அவ்வூர்களைச் சுமந்து செல்லும் எழுத்து யாருடைய பெயரின் முன்னே நிற்கப்போகிறது என்பதை, இனிப் பெயரிடப்போகும் தலைமுறையே முடிவுசெய்யும்.

கற்பவை கற்றபின்

1. உம் குடும்பத்தில் மூன்று தலைமுறையினரின் முன்னெழுத்துகளையும் அவற்றின் விரிவையும் பெற்றோரிடமும் பாட்டி தாத்தாவிடமும் கேட்டறிந்து தொகுக்க. இடையில் மறைந்த ஊர்ப்பெயர் எது என்பதைக் குறிப்பிடுக.

2. உம் ஊரில் மனிதர் பெயரைத் தாங்கிய தெரு, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அவர்கள் ஆற்றிய பணியை இரண்டிரண்டு தொடர்களில் எழுதுக. அவற்றுள் பெண்கள் எத்தனை பேர்?

3. 'பொது நிறுவனங்களுக்குத் தலைவர்களின் பெயரைச் சூட்டலாமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.